தையல் வகுப்புக்குள் பைண்டிங் வேலையும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் பெண்கள் பள்ளி ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் தையல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இப்போது எங்கள் தெருப் பெண்கள் சிலருடன் சேர்ந்து, ரவிக்கை தைத்தது போக மிஞ்சும் துண்டுத் துணிகளைக் கொண்டு சுருக்குப்பை, மூக்குக் கண்ணாடிக்கான உறை, பென்சில் பை, துணி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஆகியவற்றைச் செய்து வருகிறேன். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் விற்பனைக் கண்காட்சிகளுக்குத் தவறாமல் போய்வருவதும் என் வழக்கம். அங்கே ஆண்டுதோறும் கண்ணில் படும் ஒரு குறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாக உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்பியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பைகளிலும் உறைகளிலும் நம் பெண்களின் கைத்திறனுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை நோட்டுப் புத்தகத்தில்தான். சுங்குடித் துணியின் புள்ளிகளைப் பார்த்து ஆசையோடு கையில் எடுக்கும் வாடிக்கையாளர், அட்டையைத் திறந்து இரண்டு பக்கம் புரட்டியதும் திரும்ப வைத்துவிட்டுப் போகிறார். உள்ளே இருப்பது கடையில் வாங்கிய, நடுவில் கம்பிப் பின் அடித்த சாதாரண நோட்டு. அதன் மேல் அட்டையை வைத்துத் துணியை ஒட்டியிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் புத்தகம் விரிந்து கிடக்காமல் தானாக மூடிக்கொள்கிறது. சில வாரங்களிலேயே முதுகுப் பக்கம் துணி உப்பிக்கொண்டு கழன்று வருகிறது. இப்படி ஒருமுறை ஏமாந்தவர், துணி அட்டை நோட்டு என்றாலே மறுமுறை கைநீட்டுவதில்லை. இதற்கு அந்தப் பெண்களைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. பயிற்சி வகுப்புகளில் அவர்களுக்குக் கற்றுத்தரப்படுவது ரவிக்கையும் பையும்தான். பைண்டிங் எனப்படும் புத்தகம் கட்டும் வேலையை, அதாவது சில தாள்களைச் சேர்த்துப் பாரமாக மடிப்பதையும், ஊசியால் பாரங்களைக் கோப்பதையும், பசை காய்ச்சுவதையும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தையல் பெண்களின் வேலை, பைண்டிங் அச்சகத்து ஆண்களின் வேலை என்று எப்போதோ பிரித்து வைத்தது அப்படியே நின்றுவிட்டது.

தையலும் புத்தகமும் அருகருகே இருந்த இடம் எங்கள் ஊரிலேயே உண்டு. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்படும் வரையில், ஒரு தூணடியில் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். சற்றுத் தள்ளிப் புத்தகக் கடைகள் இருக்கும். சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டால் அழகருக்காக வேடமிடுவோரின் உடைகளும் தலைப்பாகைகளும் அங்கே தைக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டே பள்ளிப் புத்தகம் வாங்கிய தலைமுறை எங்களுடையது.

பைண்டிங்கை நான் கற்றது மிகவும் தாமதமாகத்தான். ஓய்வு பெற்ற மறு ஆண்டு, தெரிந்த ஒரு பெரியவரின் அச்சகத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்து பழகினேன். தையல் தெரிந்தவளுக்கு இந்த வேலை எவ்வளவு சீக்கிரம் பிடிபடுகிறது என்பதை அங்கேதான் உணர்ந்தேன். துணியில் நெடுக்கே ஓடும் பாவு எது, குறுக்கே ஓடும் ஊடை எது என்று விரல் நுனியிலேயே கண்டுகொள்கிறவர்கள் நாங்கள். தாளுக்கும் அதுபோல ஓர் ஓட்டம் உண்டு. தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் கிழித்துப் பார்த்தால், ஒரு பக்கம் நேராகக் கிழிபடும். மறுபக்கம் கோணிக்கொண்டு போகும். நேராகக் கிழிபடும் திசையே தாளின் நார் ஓடும் திசை. அந்தத் திசை புத்தகத்தின் முதுகுக்கு இணையாக அமைந்தால்தான் பக்கங்கள் பணிந்து விரியும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடுவதால், அதை நடுவில் மடித்து நோட்டாக்கும்போது ஓட்டம் முதுகுக்குக் குறுக்காக வந்துவிடுகிறது. பெரிய தாளாக வாங்கி, திசை பார்த்து வெட்டிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. அட்டைக்கும் இதே விதிதான்.

இந்த வேலையின் நுணுக்கங்கள் முழுதாகப் பிடிபடுவதற்கு முன்பு நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் பரிசாகக் கொடுக்க அறுபது நோட்டுகள் கேட்டிருந்தார்கள். ஐப்பசி மாதம், அடைமழை. பசை முழுக்க உலருமுன்பே அவசரப்பட்டு அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டோம். நான்காம் நாள் பெட்டியைப் பிரித்தவர்கள் கூப்பிட்டு அனுப்பினார்கள். அட்டைகள் எல்லாம் வெற்றிலை போல வளைந்திருந்தன. ஓரங்களில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. சிவப்புச் சுங்குடியின் சாயம் இறங்கி முதல் தாளில் இளஞ்சிவப்பாகப் படர்ந்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பணத்தைவிட, அந்த அறுபது நோட்டுகளைத் தைத்த பெண்களின் முகத்தைப் பார்ப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. தவறு அவர்களுடையதன்று, சொல்லிக்கொடுத்த என்னுடையது.

அதன் பிறகு செய்முறையை ஒழுங்குபடுத்திக்கொண்டோம். எந்தப் பருத்தித் துணியானாலும் முதலில் உப்புத் தண்ணீரில் அலசி, சாயம் இறங்குகிறதா என்று வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்கிறோம். உலர்ந்த துணியின் உட்புறத்தில் கெட்டியான கஞ்சியைப் பூசிக் காயவைத்துத் தேய்த்துக்கொள்கிறோம். இழைகளின் இடைவெளி அடைபட்டுவிடுவதால் பசை மேற்புறம் கசிந்து கறை போடுவதில்லை. இது நாங்கள் கண்டுபிடித்த வித்தையன்று. 1820களில் இங்கிலாந்தில் புத்தகங்களுக்குத் துணி அட்டை போடத் தொடங்கியபோது அவர்களும் பசை கசிவதால் திண்டாடி, துணிக்குக் கஞ்சி ஏற்றியே வழி கண்டிருக்கிறார்கள். நம் ஊர் பைண்டர்கள் இன்றும் காலிகோ என்று சொல்லும் அந்தத் துணியின் பெயரோ நம் கோழிக்கோட்டிலிருந்து போனது.

அடுத்தது தைப்பது. ஐந்து தாளை ஒன்றாக மடித்தால் இருபது பக்கம் கொண்ட ஒரு பாரம். அப்படி ஆறு பாரங்களை எடுத்து, மடிப்பில் குத்தூசியால் சம தூரத்தில் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் ஒன்றோடொன்று கோத்துக் கட்டுகிறோம். சங்கிலித் தையல் போடத் தெரிந்த பெண்ணுக்கு இந்தக் கோப்பு அரை மணி நேரப் பாடம். இரண்டு மில்லிமீட்டர் அட்டையின் மேல் துணியைப் போர்த்தும்போது நான்கு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் மிச்சம் விட வேண்டும். மூலையில் துணியைச் சாய்வாக நறுக்கும்போது அட்டையின் முனையை ஒட்டி நறுக்கிவிடாமல், அதன் தடிமனைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நறுக்க வேண்டும். இந்த மூன்று மில்லிமீட்டரைக் கவனிக்காதவர்களின் நோட்டில்தான் மூலை பிய்ந்து அட்டை எட்டிப் பார்க்கும். வெளியே ஒட்டிய துணி காயும்போது அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். உள்ளே ஒட்டும் தாள் அதை எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன் செய்யும். இரண்டும் முழுதாக உலரும்வரை, இடையிடையே வெற்றுத் தாள் வைத்து, எடைக்குக் கீழே ஓர் இரவாவது கிடக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆட்டுக்கல் குழவிதான் எடை.

பத்து நோட்டுகளைச் சேர்த்துச் செய்தால், உலரும் நேரம் நீங்கலாக, ஒன்றுக்கு முக்கால் மணி நேர வேலை ஆகிறது. விலையைக் கேட்டதும் பேரம் பேசுகிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள். நோட்டை மேசை மேல் விரித்துக் காட்டி, அது மூடிக்கொள்ளாமல் கிடப்பதையும் பாரங்களைக் கோத்த நூலையும் பார்க்கச் சொல்கிறேன். பார்த்தவர்களில் பெரும்பாலோர் பிறகு விலையைப் பற்றிப் பேசுவதில்லை. ‘பாவம், பெண்கள் செய்திருக்கிறார்கள்’ என்று இரக்கப்பட்டு ஒருமுறை வாங்குகிறவரால் எங்கள் தொழில் நிலைக்காது. எழுதித் தீர்ந்துபோய் இன்னொன்று வேண்டுமென்று தேடிவருகிறவரே எங்களுக்கு வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். 2012ஆம் ஆண்டில் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றைக் கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். தையல் ஆசிரியர்களும் அவர்களில் அடக்கம். இன்னும் பணியில் இருக்கும் அந்தத் தையல் ஆசிரியர்களுக்குப் பைண்டிங்கில் ஒரு குறுகிய பயிற்சி அளித்து, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளைத் தங்கள் நோட்டு ஒன்றையாவது தாங்களே தைக்கச் செய்யலாம். எழுதாமல் மிஞ்சிய பழைய நோட்டுத் தாள்களும், வீட்டில் கிழிந்த பாவாடையும், ஊசி நூலும் போதும்; இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. லோயர், ஹையர் என்று அரசு நடத்தும் தையல் தேர்வுகளின் செய்முறைப் பகுதியிலும் துணி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைச் சேர்க்கலாம். மகளிர் குழுக்களுக்கான தையல் பயிற்சியில் கடைசி ஒரு வாரத்தையாவது இதற்கு ஒதுக்கி, உள்ளூர் அச்சகங்களில் அனுபவம் மிக்க பைண்டர்களை மதிப்பூதியம் கொடுத்து அழைக்க வேண்டும். இன்று மதுரை அச்சகங்களில் கையால் பாரம் கோக்கத் தெரிந்தவர்களில் நான் அறிந்த எல்லோரும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். எனக்குக் கற்றுத்தந்த பெரியவருக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. நூலை மட்டும் கோத்துக் கொடுத்தால் மற்றதை இன்றும் தடவிப் பார்த்தே தைத்து முடிக்கிறார். வரும் கல்வியாண்டுக்குள் இந்தப் பயிற்சி தொடங்கினால், அவரைப் போன்றவர்களிடமிருந்தே நம் பெண்கள் நேரில் கற்றுக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
மதுரை.