பார்ப்பதால்தான் காட்டுகிறார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்திச் சேனல்களின் பரபரப்பு குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மக்கள் விரும்பிப் பார்ப்பதால்தான் சேனல்கள் காட்டுகின்றன என்ற அளவிலேயே கட்டுரை நின்றுவிட்டது. பார்க்கிறோம் என்பது சரி. விரும்பிப் பார்க்கிறோமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை எங்கள் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 29ஆம் தேதி அதிகாலையில் சடலமாகத்தான் எடுத்தார்கள். நடுவில் தீபாவளியும் வந்து போனது. அத்தனை நாளும் தமிழ்ச் செய்திச் சேனல்களில் அதே நேரலைதான், எங்கள் வீடுகளிலும் அதேதான். அதை ரசனைக் கேடு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளை உயிரோடு வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகம்.

அந்தத் தவிப்பைத்தான் சேனல்கள் பிடித்துக்கொண்டன. பாறையில் ரிக் இயந்திரம் துளை போடும்போது மணிக்கணக்கில் புதிதாகச் சொல்ல ஒன்றுமே இருக்காது. ‘இப்போதைக்கு ஒன்றுமில்லை, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்’ என்று எந்தச் சேனலாவது சொல்லுமா? ‘இன்னும் சற்று நேரத்தில்’ என்றுதான் ஓடும். எழுந்து போன நிமிஷத்தில் ஏதாவது நடந்துவிட்டால் என்ற பயத்திலேயே நாம் நகர மாட்டோம். கிணற்றுக்குள் இறக்கிய கேமராவில் தெரிந்த, மண் மூடிய அந்தச் சின்னக் கையைத் திரும்பத் திரும்பப் போட்டதால் மீட்புக்கு என்ன உதவி?

2006 ஜூலையில் ஹரியானாவின் குருக்ஷேத்திரம் பக்கம் இப்படி விழுந்த சிறுவனைச் சுமார் 50 மணி நேரம் நாடே டிவியில் பார்த்தது. அவன் பிழைத்தான். சேனல்களின் இந்த நேரலைச் சூத்திரமும் பிழைத்துக்கொண்டது.

கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை என்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது. அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். புதிதாகக் கிணறு போடுவதென்றால் 15 நாட்களுக்கு முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், சுற்றி வேலி கட்ட வேண்டும். தமிழ்நாட்டிலும் 2015இல் விதிகள் வந்தன. பேசி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. நேரலைக்கு நடுவே இதைச் சொன்னவர்கள் இருக்கலாம்; ஆனால் இன்றைக்கும் எங்கள் பக்கம் போய் விசாரியுங்கள், அந்தக் கை எல்லோருக்கும் நினைவிருக்கும், விதி தெரிந்தவர் எத்தனை பேர் என்று பாருங்கள்.

அப்புறம் இந்த டிஆர்பி என்கிற பார்வையாளர் ரேட்டிங். நாடு முழுக்கச் சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்து எடுக்கும் கணக்கு அது. டிவி எந்தச் சேனலில் நின்றது என்று அது சொல்லும். பிடித்துப் பார்த்தோமா, பதறிப்போய்ப் பார்த்தோமா என்பது அதற்குத் தெரியாது. 2020 அக்டோபரில் ரேட்டிங் மோசடிப் புகார் எழுந்தபோது செய்திச் சேனல்களின் ரேட்டிங் வெளியீட்டையே நிறுத்தினார்கள். மறுபடி வந்தது 2022 மார்ச்சில்தான். இடைப்பட்ட காலத்தில் கூச்சல் குறைந்ததா? 2021 அக்டோபரில் ஷாருக் கானின் மகன் போதைப்பொருள் வழக்கில் கைதானபோது பல சேனல்கள் அவரைக் குற்றவாளியாகவே ஆக்கிவிட்டன. 2022 மே மாதக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. வாராவாரம் மதிப்பெண் போடாத காலத்திலும் இதே பழக்கம்தான் என்றால், பழியை நேயர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

கட்டுரையாளர் ஒன்றைச் சேர்த்திருக்கலாம். ஒரு நிகழ்ச்சி வரம்பு மீறியதாகத் தோன்றினால், ஒளிபரப்பான 7 நாட்களுக்குள் அந்தச் சேனலுக்கே புகார் எழுதலாம். பதிலில் திருப்தி இல்லையென்றால் செய்தி ஒளிபரப்பு மற்றும் டிஜிட்டல் தர ஆணையத்துக்கு மேலே கொண்டுபோகலாம். அந்த ஆணையத்தை அமைத்த செய்தி ஒளிபரப்பாளர் சங்கத்தில் சேனல் உறுப்பினராக இருந்தால்தான் இது செல்லும். தமிழ்ச் செய்திச் சேனல்களில் யார் யார் உறுப்பினர், புகார் அனுப்ப வேண்டிய முகவரி என்ன என்று தங்கள் இதழில் ஒரு பட்டியல் போட முடியுமா?

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மணப்பாறை.