லூட்டனிடம் பிடுங்கிய 30 புள்ளிகள்: இங்கிலீஷ் கால்பந்து லீக் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலீஷ் கால்பந்து லீக் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

2024 மே மாதம் லூட்டன் டவுன் அணி, மேல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கியபோது கணக்கில் இருந்தவை 26 புள்ளிகள். 38 ஆட்டங்களில் 6 வெற்றி. வருத்தமாக இருந்தது, ஆனால் யார் மீதும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆடியதற்கு ஏற்ற கூலி அது.

2009-லும் லூட்டன் இதே 26 புள்ளிகளோடுதான் நான்காம் டிவிஷனான லீக் டூவின் கடைசியில் கிடந்து இறங்கியது. ஆனால் அந்த சீசனில் 13 வெற்றி, 17 டிரா என்று பையன்கள் ஆடிச் சேர்த்தவை 56 புள்ளிகள். அவை அப்படியே இருந்திருந்தால் இறங்கும் பேச்சே எழுந்திருக்காது. சீசனின் முதல் பந்தை உதைக்கும் முன்பே 30 புள்ளிகள் கழிக்கப்பட்டிருந்தன. அதில் 10 இங்கிலாந்து கால்பந்து சங்கம் (எஃப்ஏ) கழித்தவை. மீதி 20 உங்கள் லீக் கழித்தவை.

இவ்வளவு காலம் கழித்து இதை ஏன் கிளறுகிறேன் என்றால், உங்கள் விதிப் புத்தகத்தில் அந்தத் தவறின் வேர் இன்னும் அப்படியே இருக்கிறது. தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. வாரா வாரம் இந்த லீக்குகளைப் பார்க்கும் தமிழர்கள் ஏராளம். புள்ளிப் பட்டியலில் ஒரு அணிக்குப் பக்கத்தில் கழித்தல் குறி ஏன் நிற்கிறது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

லூட்டன் லண்டனுக்கு வடக்கே உள்ள தொழிலாளர் ஊர். ஒரு காலத்தில் வைக்கோல் தொப்பிக்குப் பேர் போனது, பிறகு வாக்ஸ்ஹால் கார்களுக்கு. அணியின் செல்லப் பெயர் இன்றும் ‘ஹேட்டர்ஸ்’, அதாவது தொப்பிக்காரர்கள். 1905-லிருந்து ஆடி வரும் கெனில்வொர்த் ரோடு மைதானத்தில், எதிரணி ரசிகர்கள் உள்ளே போகும் வழி ஓக் ரோட்டில் வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. வீட்டுக்குக் கீழே நுழைந்து இரும்புப் படியில் ஏறினால், இரண்டு பக்கமும் அடுத்தவர் வீட்டுக் கொல்லைப்புறம் தெரியும். அந்த மைதானத்து அணி 1988-இல் வெம்ப்ளியில் ஆர்சனலை 3-2 என்று வீழ்த்தி லீக் கோப்பையைத் தூக்கியது. கோல்கீப்பர் ஆண்டி டிபிள் ஒரு பெனால்டியைத் தடுத்தார், பிரையன் ஸ்டைன் கடைசி நிமிடத்தில் வெற்றி கோலை அடித்தார்.

1992-இல், பிரீமியர் லீக் தொடங்குவதற்குச் சரியாக ஒரு சீசன் முன்பு, லூட்டன் அப்போதைய மேல் டிவிஷனான முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. தொலைக்காட்சிப் பணம் மேலே கொட்ட ஆரம்பித்த நேரத்தில் இவர்கள் கீழே. அப்புறம் 1999, 2003, 2007 என்று மூன்று முறை திவால் நிர்வாகம், அதாவது கடனைக் கட்ட முடியாமல் கிளப் வெளி நிர்வாகியின் கைக்குப் போவது.

இதில் 2003 கதையை நீங்கள் மறந்திருக்கக் கூடாது. ஜான் கர்னி என்பவர் 4 பவுண்டு கொடுத்து கிளப்பை வாங்கினார். மேனேஜர் ஜோ கின்னியரை வெளியே அனுப்பினார், அடுத்த மேனேஜரைத் தேர்ந்தெடுக்கத் தொலைபேசி வாக்கெடுப்பு வைத்தார், கிளப்பின் பெயரை ‘லண்டன் லூட்டன்’ என்று மாற்றலாம் என்றார், நெடுஞ்சாலை ஓரம் கார்ப் பந்தயப் பாதையோடு ஒரு மைதானம் கட்டுவதாகவும் சொன்னார். அவரைத் தடுத்தது எந்த விதியும் இல்லை. ரசிகர்கள்தான் தடுத்தார்கள். சீசன் டிக்கெட் வாங்காமல் பணத்தை நிறுத்தினார்கள். அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி, கிளப்புக்குக் கடன் கொடுத்திருந்த நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, அந்தக் கடனை வைத்தே அவரை வெளியேற்றினார்கள். இரண்டு மாதத்துக்குள் வேலை முடிந்தது. சாதாரண டிக்கெட் வாங்கும் சனம் தன் கிளப்பைக் காப்பாற்ற இதைவிட வேறென்ன செய்ய முடியும்?

அடுத்து வந்த நிர்வாகத்திலும் கோளாறு. 2006 ஜனவரியில் மேனேஜர் மைக் நியூவெல், ஆட்டக்காரர்களின் ஏஜென்டுகள் தனக்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்தார்கள் என்று வெளிப்படையாகப் போட்டு உடைத்தார். அதற்கு அடுத்த ஆண்டே கிளப்பின் தலைவர் பில் டாம்லின்ஸ், ஏஜென்டுகளுக்குத் தாய் நிறுவனத்தின் வழியாக விதிக்குப் புறம்பாகப் பணம் போனதை ஒப்புக்கொண்டு விலகினார். 2007 நவம்பரில் கிளப் மூன்றாம் முறையாகத் திவால் நிர்வாகத்துக்குள் போனது. அதற்கு உடனே 10 புள்ளிகள் கழித்தீர்கள். அதை நான் எதிர்க்கவில்லை. அந்த 10 இருந்திருந்தாலும் அந்த வருடம் லூட்டன் இறங்கித்தான் இருக்கும்.

உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2002-இல் லெஸ்டர் சிட்டி திவாலாகி, கடன்களின் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டு, அதே சீசனில் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. ஒழுங்காகக் கணக்குக் கட்டி நடத்திய கிளப்புகளுக்கு வயிறு எரிந்தது. திவாலானால் புள்ளிக் குறைப்பு என்ற விதி 2004-இல் வந்தது அதனால்தான். கடன் வாங்கி ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து, ஜெயித்துவிட்டு, பிறகு கையை விரிப்பவர்களுக்குத் தண்டனை வேண்டும். சரி.

ஆனால் 2008 கோடையில் நடந்தது வேறு. தொலைக்காட்சித் தொகுப்பாளரும் நெடுநாள் ரசிகருமான நிக் ஓவன் தலைமையில், ‘லூட்டன் டவுன் 2020’ என்ற பெயரில் ரசிகர்களின் குழு ஒன்று கிளப்பை எடுத்துக்கொண்டது. கடன் வைத்தவர்கள் இவர்கள் இல்லை. ஏஜென்டுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்தவர்களும் இல்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அது அப்படியே நடந்தது. ஏஜென்ட் விவகாரத்துக்காக கால்பந்து சங்கம் 10 புள்ளிகளைக் கழித்து அபராதமும் போட்டது. கடன் கொடுத்தவர்களோடு முறையான ஒப்பந்தம் இல்லாமல் திவால் நிர்வாகத்திலிருந்து வெளியே வந்ததற்காக நீங்கள் 20 கழித்தீர்கள்.

அந்த ஒப்பந்தம் அமையாமல் போவதற்குக் காரணமும் உங்கள் விதிதான். கடன் மதிப்பில் 75 விழுக்காடு வைத்திருப்பவர்கள் சம்மதித்தால்தான் அப்படி ஒரு ஒப்பந்தம் நிறைவேறும். ஆனால் லீக் விதிப்படி மற்ற கிளப்புகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் உள்ள பாக்கியை முழுசாகக் கொடுத்தாக வேண்டும். மிச்சம் மீதிதான் வரித்துறைக்கும், உள்ளூர் அச்சகத்துக்கும், மைதானத்தில் வேலை பார்த்த சிறு ஒப்பந்தக்காரருக்கும். இந்தப் பாகுபாட்டை ஏற்காமல் வரித்துறை வழக்கமாக எதிர்த்து வாக்களிக்கும். எதிர்த்து வாக்களிக்கக் காரணத்தை நீங்களே உண்டாக்கிவிட்டு, ஒப்பந்தம் நிறைவேறவில்லை என்று கிளப்பைத் தண்டித்தீர்கள். அதே சீசனில், அதே டிவிஷனில், இதே காரணத்துக்காக போர்ன்மத்துக்கும் ரோதர்ஹாமுக்கும் தலா 17 புள்ளிகள் போயின. அவை எப்படியோ தப்பின. 30-ஐச் சுமந்தவர்களால் முடியவில்லை.

2009 ஏப்ரலில் வெம்ப்ளியில் நடந்த ஃபுட்பால் லீக் டிராஃபி இறுதிப் போட்டிக்கு 40,000-க்கும் மேற்பட்ட லூட்டன்காரர்கள் வந்தார்கள். மிக் ஹார்ஃபோர்டின் அணி ஸ்கந்தார்ப்பை 3-2 என்று கூடுதல் நேரத்தில் வென்று கோப்பையை எடுத்தது. அதே மாதத்தில் லீக்கை விட்டே இறங்கியது.

கீழே, உங்கள் லீக்குக்கு வெளியே உள்ள ஐந்தாவது டிவிஷனான கான்ஃபரன்ஸில் ஐந்து சீசன் ஓடின. மேலே ஏறுவதற்கான 2011 பிளே-ஆஃப் இறுதியில் ஏஎஃப்சி விம்பிள்டனிடம் பெனால்டியில் தோல்வி, 2012 இறுதியில் யார்க்கிடம் தோல்வி. நடுவில் ஒரு வெளிச்சம்: 2013 ஜனவரியில் பிரீமியர் லீக் அணியான நார்விச்சை அவர்கள் மைதானத்திலேயே எஃப்ஏ கோப்பையில் 1-0 என்று வென்றது. அந்தக் காலம் முழுவதும் கெனில்வொர்த் ரோட்டுக்குச் சராசரியாக 6,000 பேர் அளவில் வந்துகொண்டே இருந்தார்கள். ஐந்தாவது டிவிஷனில் அது பெரிய கூட்டம். 2014-இல் ஜான் ஸ்டில் 101 புள்ளிகளோடு அணியை மேலே கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2018-இல் லீக் டூவிலிருந்து ஏற்றம், 2019-இல் மூன்றாம் டிவிஷனான லீக் ஒன் பட்டம், 2023 மே 27 அன்று வெம்ப்ளியில் பிளே-ஆஃப் இறுதியில் கவென்ட்ரியை பெனால்டியில் 6-5 என்று வென்று பிரீமியர் லீக். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பெல்லி ரடக் ம்பான்ஸுவின் பயணம். கான்ஃபரன்ஸில் லூட்டனுக்கு வந்தவர், அதே சட்டையோடு ஒவ்வொரு படியாக ஏறி பிரீமியர் லீக்கில் ஆடினார். ஒரே கிளப்போடு அங்கிருந்து அவ்வளவு தூரம் ஏறிய முதல் ஆட்டக்காரர் அவர்தான்.

கிளப்பை எடுத்த அந்தக் குழு பணத்தை வாரி இறைக்கவில்லை. அதைவிட முக்கியம், 2014-இல் கிளப்பின் பெயர், நிறம், சின்னம் ஆகியவற்றின் உரிமையை ரசிகர் அறக்கட்டளையிடமே கொடுத்துவிட்டார்கள். நாளைக்கு இன்னொரு கர்னி வந்தாலும் பெயரில் கை வைக்க முடியாது. பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய மறு வருடமே, 2025-இல், லூட்டன் இன்னொரு படி சறுக்கி லீக் ஒன்னுக்கு வந்துவிட்டது. ஆனால் அது மைதானத்தில் தோற்றதால் வந்த சறுக்கல், அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் விதி 2015-இல் மாறியது உண்மை. திவாலானால் 12 புள்ளிகள் போகும். சாதாரணமாகக் கடன் கொடுத்தவருக்கு ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸாவது கொடுக்காமல் வெளியே வந்தால் மேலும் 15 போகும். சிறு அளவில் கடன் கொடுத்தவர்களை நினைத்தது நல்லதுதான். ஆனால் அந்த 15 யார் தலையில் விழுகிறது? கிளப்பைக் கெடுத்தவர் அப்போது வீட்டில் இருப்பார். காப்பாற்ற வந்தவர் தலையில்தான் விழும். 2019-இல் பரி கிளப்பை லீக்கிலிருந்தே நீக்கினீர்கள். அதை 1 பவுண்டுக்கு ஒருவர் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2025-இல் ஷெஃபீல்ட் வென்ஸ்டேவுக்கு முதலில் 12, பிறகு 6 என்று 18 புள்ளிகள் போயின.

இப்போது இங்கிலாந்தில் சட்டப்படி சுதந்திரக் கால்பந்து ஒழுங்குமுறை அமைப்பு வந்துவிட்டது. உரிமையாளரைச் சோதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. இனி உங்கள் விதியைத் திருத்த நல்ல நேரம். திவாலாகும் சீசனில் ஒரு முறை கழியுங்கள், அதோடு நிறுத்துங்கள். வெளியே வரும்போது புதிதாக எடுப்பவர்கள் மீது, அதிலும் ரசிகர் குழுக்கள் மீது, இரண்டாம் தண்டனை வேண்டாம். பழைய உரிமையாளரின் தவறுக்கு அந்த ஆளையே பிடியுங்கள். அவருக்கு ஆயுள் தடை விதியுங்கள், பாக்கியை அவரிடமே கேளுங்கள். லூட்டன் ரசிகர்களிடம் உள்ளதைப் போன்ற பெயர், நிறம், சின்ன உரிமையை உங்கள் 72 கிளப்புகளிலும் உறுப்பினர் நிபந்தனையாக்குங்கள்.

2008-இல் விதித்த அந்த 20 புள்ளிகள் புதியவர்களுக்குச் செய்த அநியாயம் என்று இதுவரை நீங்கள் எழுத்தில் சொன்னதாக நான் பார்த்ததில்லை. திருத்தத்துக்கு முன்னுரையாக அதை ஒரு வரியில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லூட்டன் டவுன் ரசிகன் ஒருவன்