அவளுடைய ஐந்து ஆண்டு உங்கள் அலுமாரிக்குள் இருக்கிறது

பிரெஞ்சு, டச்சு, டேனிஷ் கடவுச்சீட்டுகளோடு ஜேர்மனியில் வேலை செய்யும் தமிழ்க் கணவன்மாருக்கு,

வணக்கம். உங்களைக் கோயில் திருவிழாவிலும் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வாசலிலும் கண்டிருக்கிறேன். உங்கள் மனைவிமாரை இன்னும் நன்றாகத் தெரியும். படிவம் நிரப்புவதற்கு அவர்கள் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். நானும் அவர்களைப் போல வந்தவள்தான். ஊர் யாழ்ப்பாணம், கணவர் பிரெஞ்சுப் பிரஜை, குடியிருப்பு ரைன் ஆற்றின் ஜேர்மன் கரையில்.

"கார்ட் கிடைத்துவிட்டது, இனி ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை" என்று நீங்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். உங்கள் மனைவிக்குக் கிடைக்கும் அந்த வதிவிட அட்டை ஒரு சாட்சி மட்டுமே. அவளுடைய உரிமை நிற்பது உங்கள் திருமணத்தின் மீதும், நீங்கள் இந்த நாட்டில் வாழ்வதன் மீதும், உங்கள் வேலை அல்லது வருமானத்தின் மீதும். ஒன்றிய நாடொன்றின் பிரஜை இன்னோர் ஒன்றிய நாட்டில் குடும்பத்தோடு வாழ்வதைப் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 இலக்கச் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக, சட்டப்படி வாழ்ந்தால் அவளுக்கு நிரந்தர வதிவிட உரிமை. அந்த ஐந்து ஆண்டுகளை நிரூபிக்க அவள் கொண்டுபோக வேண்டியது உங்கள் சம்பளச் சிட்டைகள், உங்கள் வேலை ஒப்பந்தம், உங்கள் காப்புறுதிக் கடிதங்கள். அவளுடைய கைப்பையில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது.

என் கதையையே சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டு விண்ணப்பத்துக்கு உட்கார்ந்தபோது இரண்டாம் ஆண்டின் சிட்டைகளைக் காணவில்லை. வீடு மாறிய அன்று "பழைய குப்பை" என்று என் கணவர் வீசிவிட்டார். அவர் அப்போது வேலை செய்த உணவகமும் மூடப்பட்டுவிட்டது. மூன்று இரவு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் கைகொடுத்தது ஓய்வூதியக் காப்புறுதி. அவர்களுக்கு எழுதினால் எந்த மாதங்களில் உங்கள் பெயரில் பணம் கட்டப்பட்டது என்ற முழு விவரத்தையும் அனுப்புவார்கள். ஆனால் அந்தக் கடிதத்தை எழுத வேண்டியவர் நீங்கள். அவள் கேட்டால் தரமாட்டார்கள். கையில் காசாக வாங்கிய வேலை அதில் இருக்காது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

உங்களில் சிலர் கோபத்தில் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு இப்போது வருகிறேன். "ஒரு கடிதம் போட்டால் போதும், உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்." இதைக் கேட்டுவிட்டு நடுங்கும் கைகளோடு என் சமையலறையில் உட்கார்ந்திருந்த பெண்கள் இருக்கிறார்கள். சண்டை போட்டுத் தனி வீட்டில் இருப்பதால் மட்டும் அவள் உரிமை போய்விடாது. 1985இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. பெர்லினில் வேலை செய்த ஒரு பிரெஞ்சுக்காரரின் செனகல் நாட்டு மனைவி தொடுத்த வழக்கு அது. ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும் என்ற கட்டாயமில்லை, சட்டப்படி முறியும்வரை திருமணம் திருமணமே என்றது தீர்ப்பு. விவாகரத்தே ஆனாலும், வழக்குத் தொடங்கும் நாளில் திருமணத்துக்கு மூன்று வயதாகி, அதில் ஓர் ஆண்டாவது இங்கே கழிந்திருந்தால் அவள் தங்கலாம். அதன் பின் அவள் தன் சொந்த வேலையிலோ வருமானத்திலோ நிற்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் வன்முறை நடந்திருந்தால் அந்த மூன்றாண்டுக் கணக்கும் தேவையில்லை.

ஆனால் ஒரு குழி இருக்கிறது. விவாகரத்து வழக்குத் தொடங்கும் முன்பே கணவன் நாட்டைவிட்டுப் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பு கைநழுவிவிடும் என்று 2015இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 2021இல் தளர்வு வந்தது. கணவன் போன பிறகும் நியாயமான காலத்துக்குள் வழக்குத் தொடங்கலாம். மற்றவர்களுக்குப் பழைய தீர்ப்புத்தான். ஆகவே, "எனக்கு இது சரிவராது" என்று சொல்லிவிட்டுப் பாரிசுக்கு ரயிலேறும் தம்பிமாரே, உங்கள் பயணச்சீட்டோடு அவளுடைய இருப்பையும் கிழித்துவிட்டுப் போகிறீர்கள். முதலில் வழக்கறிஞரிடம் போங்கள், பிறகு ரயில் நிலையத்துக்குப் போகலாம்.

நிரந்தர வதிவிடம் கைக்கு வந்துவிட்டால் கதை வேறு. உங்கள் சம்பளச் சிட்டையை யாரும் கேட்க மாட்டார்கள். தாயைப் பார்க்க ஊருக்குப் போய், தொடர்ந்து இரண்டு ஆண்டுகளைத் தாண்டாமல் திரும்பினால் உரிமை அப்படியே இருக்கும். அதற்கு முன்போ ஆண்டுக்கு ஆறு மாதம்வரைதான் வெளியே இருக்கலாம். பிரசவம், கடும் நோய் போன்ற காரணங்களுக்கு ஒரே ஒரு முறை பன்னிரண்டு மாதம்வரை விடுவார்கள். முதல் பிள்ளைக்கு அம்மா வீட்டில் ஒன்றரை வருடம் தங்கவைத்து, பிறகு ஏன் எண்ணிக்கை மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது என்று என்னிடம் கேட்ட அண்ணனுக்கு இதுதான் பதில்.

பிரஜாவுரிமை தனிக் கதை. உங்கள் கடவுச்சீட்டு அவளுக்குத் தானாக ஒட்டிக்கொள்ளாது. ஜேர்மன் பிரஜாவுரிமைக்கு, 2024 ஜூன் 27 முதல் எட்டு ஆண்டு ஐந்தாகக் குறைந்திருக்கிறது. பழைய பிரஜாவுரிமையை விடச் சொல்லி ஜேர்மனி இப்போது கேட்பதில்லை. ஜேர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சி, பிரஜாவுரிமைத் தேர்வின் 33 கேள்விகளில் 17க்குச் சரியான விடை, 255 யூரோ கட்டணம். ஆனால் ஜேர்மனி கேட்காததால் இலங்கையும் கேட்காது என்று நினைக்க வேண்டாம். இரட்டைப் பிரஜாவுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்காவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். மனைவி இந்தியர் என்றால் அந்த வழியே கிடையாது, இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்கத்தான் வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. திருமணமாகி நான்கு ஆண்டுகளில் மனைவி பிரெஞ்சுப் பிரஜாவுரிமைக்கு அறிவிப்புச் செய்யலாம். பிரான்ஸுக்கு வெளியே வாழ்பவர்களானால், அந்தக் காலம் முழுவதும் நீங்கள் வெளிநாட்டு வாழ் பிரெஞ்சுக்காரர் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஐந்து ஆண்டு. பிரெஞ்சு மொழித் தேர்ச்சியும் காட்ட வேண்டும். துணைத்தூதரகத்தில் பெயரைப் பதியச் சோம்பல்பட்டு அவளுடைய ஓர் ஆண்டை வீணாக்கியவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. இந்தச் சனிக்கிழமை அலுமாரியைத் திறந்து, முதல் மாதத்திலிருந்து எல்லாச் சிட்டைகளையும் மேசைமேல் பரப்புங்கள். விடுபட்ட மாதங்களுக்கு ஓய்வூதியக் காப்புறுதிக்குக் கடிதம் எழுதுங்கள். எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்து, அவள் பெயர் எழுதிய கோப்பில் போட்டு, அதை அவளிடமே கொடுங்கள். எங்கே வைப்பது என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
ரைன் கரையிலிருந்து ஒரு பிரெஞ்சுப் பிரஜையின் மனைவி