பினாங்கு கடலோரப் பலகைகளில் தமிழுக்கும் ஒரு பத்தி வேண்டும்

கடலோரப் பாரம்பரியச் சின்னங்களைப் பராமரிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் அண்மையில் நீங்கள் மாற்றி வைத்த தகவல் பலகைகளில் தமிழ் இல்லை என்று ஏற்கெனவே இரண்டு முறை எழுதிவிட்டேன். "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரிப் பதில் வந்தது, அவ்வளவுதான். விவரமெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் திரும்பவும் அதை விளக்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று காலை அப்பாவை ஜார்ஜ்டவுன் கடற்கரைத் திடலான பாடாங் கோத்தாவுக்கு அழைத்து வந்தேன். அவருக்கு 83 வயது. ஏழு வயதில், 1949-இல், நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி இந்தத் தீவில் இறங்கியவர். அப்புறம் கெடாவில் ஒரு தோட்டம், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படிப்பு, அதற்கப்புறம் காலம் முழுக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் படிப்பார். முட்டி முழுசாக மடங்காமல் போவதற்குள் தான் வந்து இறங்கிய கரையை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று அவராகவே கேட்டார்.

கார்ன்வாலிஸ் கோட்டையைப் பற்றிய பலகைக்கு முன்னால் நின்று சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பலகையில் மூன்று மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை. அவர் நகரவில்லை. விரலை வரிகளின் மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டே நின்றார். பின்னால் நின்ற சுற்றுப்பயணிகள் அவர் படித்து முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஒரு எழுத்துகூட அவருக்குப் புரியவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: "நம்மாளுங்களப் பத்தி ஏதும் போட்டிருக்காங்களாப்பா?"

முழுவதும் படித்துப் பார்த்தேன். ஒரு சொல்கூட இல்லை. "இருக்குப்பா" என்றேன். என் அப்பாவிடம் நான் பொய் சொல்லி எத்தனையோ வருடம் ஆகிறது.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற, அந்தப் பலகையில் இருந்திருக்க வேண்டியதை நானே அவருக்குச் சொன்னேன். 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கியபோது இது நிபோங் மரங்களை நட்டு அடைத்த வெறும் வேலிதான். கல்லும் செங்கலுமாக இப்போது நிற்கும் கோட்டையை 1804-இல் எழுப்ப ஆரம்பித்தார்கள், 1810-இல் முடிந்தது. நட்சத்திர வடிவம், நான்கு மூலையிலும் கொத்தளம். இத்தனை ஏற்பாடு செய்தும் இந்தக் கோட்டை ஒரு போரைக்கூடப் பார்க்கவில்லை. இதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவந்த கைதிகள். செங்கல் சுமந்ததும் சுவர் எழுப்பியதும் அவர்கள்தான்.

"அவங்க பேரு தெரியுமா?" என்று கேட்டார் அப்பா. தெரியாது என்றேன். கோட்டை எழும்பத் தொடங்கிய காலத்து ஆளுநர் பார்க்குவாரின் பெயர் பலகையில் இருந்தது. படித்துக் காட்டினேன்.

பிறகு மணிக்கூண்டுக்கு நடந்தோம். விக்டோரியா அரசியின் ஆட்சி அறுபது ஆண்டு நிறைந்ததற்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று அறுபது அடி உயரம். செல்வந்தர் சியா சென் இயோக் தம் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தது. அது முடிந்தது 1902-இல், அரசி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். போர்க்காலக் குண்டுவீச்சில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தும் இன்றுவரை நிற்கிறது. கொடுத்தவரின் பெயரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது, அது நியாயம்தான். காசு கொடுத்தவருக்கு உண்டான மரியாதை, முதுகு கொடுத்தவனுக்கும் வேண்டாமா?

வெல்ட் கீ என்ற கடலோரச் சாலையில் 1907-இல் கட்டிய ரயில்வே கட்டடத்தைக் கண்டதும் அப்பா நின்றுவிட்டார். தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் அது. அந்தக் காலத்தில் அங்கே டிக்கெட் வாங்கி, படகில் கடலைத் தாண்டி, அக்கரைக்குப் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். "எங்கம்மா என்னை இங்கதான் உக்கார வச்சுட்டு டிக்கெட் வாங்கப் போச்சு" என்று கடிகாரக் கோபுரத்தைக் காட்டினார். தோட்டத்துக்குப் போன எத்தனை குடும்பங்கள் அந்தக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்திருக்கும்!

அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் 1801-இல் எழுந்த, இந்திய முஸ்லிம்களின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது, 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள் இருந்ததால் பினாங்கு ஸ்ட்ரீட்டை எங்கள் பெரியவர்கள் கிட்டங்கித் தெரு என்றே சொல்வார்கள். 2008-இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலக மரபுடைமை ஆக்கியபோது பல இனங்கள் சேர்ந்து வாழ்ந்த ஊர் என்பதைத்தானே பெருமையாகச் சொன்னோம்? அந்தப் பெருமைக்கு நாங்கள் வேண்டும், பலகைக்கு வேண்டாமா?

கோபத்தை அடக்கித்தான் எழுதுகிறேன். ஆனால் மறதி எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த நாடு பார்த்திருக்கிறது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினொன்றாம் எண் சண்டி என்ற பழங்காலக் கோயிலை 2013-இல் வீடு கட்டும் நிலத்துக்காக இடித்துத் தள்ளினார்கள். நூற்றாண்டுகளாக நின்றது. செய்தி வெளியே வந்தபோது அங்கே வெறும் மண்தான் இருந்தது. இது யாருடையது, யார் கட்டியது என்று ஊருக்குச் சொல்லி வைக்காத இடத்துக்கு ஆபத்து வந்தால் ஓடிவர ஆள் இருக்காது.

சரி, உங்களிடம் கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன். ஒவ்வொரு பலகையிலும் தமிழுக்கு ஒரு பத்தி வையுங்கள். கோட்டைப் பலகையில், அதைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள் என்று எல்லா மொழியிலும் ஒரு வரி சேருங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் நாங்கள் இருக்கிறோம். தமிழாசிரியர்கள் உண்டு, பிழை திருத்த ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரர்கள் உண்டு, ஒருவரும் ஒரு காசு கேட்க மாட்டார்கள். பலகையில் இடம் இல்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், அப்பாவுக்கு நான் பூதக்கண்ணாடி வாங்கித் தருகிறேன். எழுத்து தமிழாக இருந்தால் போதும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரும்போது மறுபடி இங்கே கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பலகையை இன்னொரு தரம் பார்க்க வேண்டுமாம். அதற்குள் ஒரு பதில் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பிள்ளை ஒருவன்,
பட்டர்வொர்த்