டாலரும் ரியெலும்: அங்கோர் புறப்படும் நண்பனுக்கு

தென்காசி

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கை இப்போது கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே சின்னவள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். மழை விட்டபாடில்லை, குற்றாலத்தில் பாதி நாள் குளிக்கத் தடை. நம் போஸ்ட்மாஸ்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராததை எல்லோரும் கேட்டார்கள். காரணம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

ஜனவரியில் அங்கோர் வாட் பார்க்கப் போவதாக எழுதி, கடைசியில் "பணத்தை எப்படிக் கொண்டுபோவது?" என்று கேட்டிருக்கிறாய். நான் போய் வந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

அங்கோர் இருக்கும் கம்போடியாவின் பணம் ரியெல். ஆனால் நீ இங்கிருந்து வாங்கிப் போக வேண்டியது அமெரிக்க டாலர். ரியெலுக்குக் கம்போடியாவுக்கு வெளியே மதிப்பே இல்லை. சென்னையில் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே விடுதி, உணவகம், கோயில் நுழைவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் டாலரில்தான் விலை. அங்கோர் நுழைவுச்சீட்டு 2017 முதல் ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை, பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். தங்கையின் முழங்காலை நினைத்து அதையே வாங்கு. நடுவில் ஒரு நாள் அறையில் படுத்துக் கிடக்கலாம்.

ரொக்கமாக ஒரு பயணத்துக்கு 3000 டாலர் வரை நம் ஊரில் தருவார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. பாஸ்போர்ட், பான் அட்டை, விமான டிக்கெட் மூன்றையும் எடுத்துப் போ. பாதியை ரொக்கமாகவும் மீதியை, டாலரை முன்பே ஏற்றித் தரும் பயண அட்டையிலும் வாங்கிக்கொள். உன் வங்கி அட்டையையும் எடுத்துப் போவதானால், வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடச் சொல்லி வங்கியில் இப்போதே கேள். 2020-இலிருந்து புதிதாகத் தரும் அட்டைகளில் அதை மூடியே தருகிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். டாலர் நோட்டு எப்படி இருக்க வேண்டும் என்பது. அஞ்சலகக் கவுண்டரில் முப்பது வருஷம் கிழிந்த நோட்டு, எண்ணெய் பட்ட நோட்டு, மடிப்பில் பஞ்சான நோட்டு என்று எல்லாவற்றையும் பார்த்தவர்கள் நாம். நம் நாட்டில் கிழிந்த நோட்டை வங்கியில் நீட்டினால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். கம்போடியக் கடைக்காரருக்கு அந்த வசதி எங்கே இருக்கிறது? அந்த நோட்டை அச்சிட்ட நாடு பூமியின் மறுபக்கத்தில் இருக்கிறது. பழுதான டாலரை வங்கியே எடுத்துக்கொண்டாலும் கழிவு பிடித்துக்கொள்ளும். அதனால் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் வாங்கமாட்டார்கள். பேனாக் கீறல், முத்திரை, பழைய அச்சு என்றாலும் முகம் சுளிப்பார்கள். பழைய சந்தையில் ஓர் ஐரோப்பியப் பெரியவர் ஐம்பது டாலரை நீட்ட, காய்கறி விற்ற பெண் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இரு பக்கமும் விரலால் தடவிப் பார்த்து, புன்னகையோடு திருப்பிக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நம் தலைமை அலுவலகக் காசாளர்கூட அவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. சென்னையில் எனக்குப் பணம் மாற்றிக் கொடுத்த கடையில் முதலில் தந்த கட்டில் நைந்த நோட்டுகள் நாலைந்து இருந்தன. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து மாற்றி வாங்கினேன். கடைக்காரருக்குக் கோபம்தான். நீயும் கூச்சப்படாதே. நூறு டாலர் நோட்டுகளாக அடுக்கிக் கொடுக்கப் பார்ப்பார்கள். ஒன்று, ஐந்து, பத்து, இருபதாகக் கேள். இளநீர்க்காரரிடம் நூறு டாலரை நீட்டினால் அவர் சில்லறைக்கு எங்கே போவார்?

அமெரிக்கச் சென்ட் நாணயங்கள் அங்கே புழங்குவதில்லை. ஒரு டாலருக்குக் கீழே எல்லாம் ரியெல்தான். கடைக்கணக்கில் ஒரு டாலர் 4000 ரியெல். மூன்றரை டாலர் பில்லுக்கு ஐந்து டாலர் கொடுத்தால் ஒரு டாலரும் 2000 ரியெலும் திரும்பி வரும். இரண்டு நாளில் கை தானே பழகிவிடும்.

இந்த ரியெலைத் தூக்கி ஓரமாக வைத்துவிடாதே. என்னோடு வந்தவர்களில் பலர் அதை விளையாட்டுப் பணம்போல நினைத்துப் பைக்குள் கசக்கிப் போட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த மக்களின் சொந்தப் பணம் அதுதானே? அதோடு, நம் பணமும் அதில்தான் மிச்சமாகும். டாலரில் விலை சொல்லும்போது எதையும் ஒரு டாலருக்கு ஏற்றிவிடுகிறார்கள். சந்தையில் ரியெலை எடுத்து நீட்டினால் 2000, 1500 என்று விலை இறங்குகிறது. முதல் நாளே இருபது டாலரை ரியெலாக மாற்றிக்கொள். தண்ணீர், பழம், காபி, உண்டியல் எல்லாவற்றுக்கும் அதையே கொடு. டுக்டுக் என்ற வாடகை வண்டி ஓட்டுநரிடம் மட்டும் ஏறும் முன்பே டாலரா, ரியெலா, போகவா, போய்வரவா என்று பேசி முடித்துக்கொள்.

ஏ.டி.எம். எந்திரம் டாலரே கொடுக்கும். ஒவ்வொரு முறையும் சில டாலர் கட்டணம் பிடிக்கும் என்பதால் அடிக்கடி போகாதே. அட்டையைப் போட்டதும் "ரூபாயில் மாற்றிக் கழிக்கட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்து. சம்மதித்தால் அவர்கள் வைத்ததுதான் விலை. அது நமக்குச் சாதகமாக இருந்து நான் பார்த்ததில்லை. தெருக்கடையில்கூடக் கியூஆர் அட்டை தொங்கும். நம் ஊரைப்போல இருக்கிறதே என்று போனை மட்டும் நம்பிப் போகாதே. அது 2020-இல் அவர்களுடைய தேசிய வங்கி தொடங்கிய பாக்கோங் என்ற அமைப்பைச் சேர்ந்தது. டாலரை விட்டு ரியெலுக்கு மக்களைத் திருப்ப அவர்கள் எடுக்கும் முயற்சிகளில் அதுவும் ஒன்று.

ஒரு நாட்டில் எப்படி இன்னொரு நாட்டுப் பணம் வந்து உட்கார்ந்தது என்று நீ நிச்சயம் கேட்பாய். 1975 ஏப்ரலில் க்மெர் ரூஜ் என்ற கம்யூனிஸ்டுப் படை தலைநகர் ப்னோம் பென்னைப் பிடித்ததும் பணத்தையே ஒழித்துவிட்டார்கள். தேசிய வங்கிக் கட்டடத்தையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2016 நவம்பரில் இரண்டு நோட்டுகள் செல்லாது என்றதற்கே நாம் வரிசையில் நின்று புலம்பினோம். அங்கே அந்தப் படையின் ஆட்சி முடியும்வரை கடை, கூலி, சேமிப்பு எதுவும் இல்லாமல் நான்கு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம்! ரியெல் மறுபடி வந்தது 1980 மார்ச்சில். அதுவரை அரிசியும் தங்கமும்தான் பண்டமாற்று. பிறகு 1992, 93-இல் ஐக்கிய நாடுகளின் அமைதிப் படை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு வந்து இறங்கி டாலரைக் கொட்டியது. ஒருமுறை பணம் காணாமல்போனதைக் கண்ட ஜனங்கள் டாலரை இறுகப் பிடித்துக்கொண்டதில் என்ன வியப்பு?

இதைவிட என்னைத் திகைக்க வைத்தது வேறொன்று. அங்கோர் அரசர்கள் தமக்கென்று நாணயம் அடித்ததற்குத் தடயமே இல்லை. 1296-இல் சீனத் தூதுக்குழுவோடு வந்த சௌ தாகுவான், சின்ன வியாபாரத்துக்கு அரிசியும் தானியமும் சீனப் பொருட்களும், அதற்கு மேல் துணி, பெரிய வியாபாரத்துக்குப் பொன்னும் வெள்ளியும் என்று எழுதிவைத்திருக்கிறார். சந்தை வியாபாரம் பெண்கள் கையில் இருந்தது என்றும் சொல்கிறார். அது இன்றும் அப்படித்தான். தங்கை பேரம் பேசட்டும், நீ பின்னால் நின்று பையைப் பிடி.

மிஞ்சும் ரியெலைப் புறப்படும் முன்பே செலவழித்துவிடு. புதிய விமான நிலையம், நீங்கள் தங்கப்போகும் சியெம் ரீப் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வண்டி வாடகைக்குத் தனியாகப் பணம் எடுத்து வை. மிச்ச டாலரை உடனே மாற்ற வேண்டியதில்லை, 2000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

கண் டாக்டர் என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லை. அறுவை சிகிச்சை பயணத்துக்கு முன்பா, பின்பா? அதற்குப் பதில் போட்டுவிட்டு டிக்கெட் எடு.

அன்புடன்,
இராமலிங்கம்