ஆண்டறிக்கை: ஒரு ஜன்னலும் வீட்டுச் சாமான்களும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் புகைப்படச் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். ஓராண்டுக்கு வெளியூர்ப் பயணம் கிடையாது. பறவை, தேர்த் திருவிழா, கடற்கரை எதுவும் கிடையாது. வீட்டில் கிடக்கும் சாமான்களை மட்டும், ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பது என்று தீர்மானித்தோம். வேடந்தாங்கல் போக முடியவில்லையே என்று சிலருக்கு வருத்தம். நியாயமான வருத்தம்தான். ஆனாலும் நம் சங்கம் படம் எடுக்கக் கற்றுக்கொண்ட ஆண்டு இதுதான் என்று நான் நம்புகிறேன்.

மாதாந்தரக் கூட்டங்கள் வழக்கம்போல ஞாயிறு காலை, கிழக்கு ஜன்னல் உள்ள நம் அறையிலேயே நடந்தன. முதலில் மேசைமேல் வைத்தது ஓர் எவர்சில்வர் டம்ளர். எடுத்த அத்தனை படங்களிலும் டம்ளருக்குள் எடுத்தவர் முகமும் போனும்தான் தெரிந்தன. அப்புறம் ஜன்னலில் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கட்டினோம். வெளிச்சம் வேட்டி முழுக்கப் பரவி வந்ததும், டம்ளரின் உடம்பில் வெள்ளை மெல்ல மெல்லக் கறுப்பாக மாறுவது தெரிந்தது. அப்போதுதான் அதன் உருண்டை வடிவம் படத்தில் நின்றது. அதே சமயம் மேசைமேல் விழுந்த நிழலின் ஓரம் கரைந்துபோனது. வேட்டியை அவிழ்த்தால் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் வந்தது. வெளிச்சம் வரும் இடம் அகலமாக இருந்தால் நிழல் இளகும், சிறிதாக இருந்தால் இறுகும். இதை எத்தனையோ முறை வாயால் சொல்லியிருக்கிறோம். ஒரு டம்ளரில் கண்ணால் பார்த்த பிறகு யாருக்கும் மறக்கவில்லை.

போனில் எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. போன் நிழலை ஒரு குறையாக எண்ணித் தானாகவே வெளுத்துவிடுகிறது. இப்படி வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் எச்டிஆர் வசதியை அணைத்து, திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பிரகாசத்தைக் கீழே இழுக்கப் பழகினோம். கேமரா வாங்கினால்தான் முடியும் என்றிருந்த உறுப்பினர்கள் பலர் இப்போது அப்படிச் சொல்வதில்லை.

ஆண்டின் சிறந்த படமாக நான் கருதுவது ஓர் அரிவாள்மனைப் படம். கொண்டுவந்தவர் நம் மூத்த உறுப்பினர்; அது அவருடைய காலமான தாயார் புழங்கியது. மேலிருந்து எடுத்த படங்களில் அது வெறும் இரும்பும் கட்டையுமாக இருந்தது. தரையில் வைத்து, வெயில் தாழ்ந்து பக்கவாட்டில் வரும்வரை காத்திருந்தோம். தேங்காய்த் துருவும் பற்களின் நிழல் தரையில் நீண்டு, அசலைவிடப் பெரிதாக விரிந்தது. கட்டையில் கால் மிதித்து மிதித்துத் தேய்ந்த பள்ளமும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தது. அந்தப் பள்ளத்தை இத்தனை வருடம் தான் பார்த்ததே இல்லை என்றார் அவர்.

ஏப்ரல் 24ஆம் தேதியை ஒட்டிச் சென்னையில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். ஆகஸ்ட் 18ஐ ஒட்டி மறுபடியும் வரும். ஏப்ரலில் மொட்டைமாடிக்குப் பித்தளைச் சொம்பைத் தூக்கிக்கொண்டு போனோம். பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் நிழல் முழுக்கச் சொம்பின் அடிக்குள் போய் ஒளிந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் அது சொம்பா தட்டா என்றே சொல்ல முடியவில்லை. நிழல் போனால் உருவமும் போகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகஸ்டில் மேகம் விடவில்லை.

ஒரு கூட்டத்தில் முன்னோடிகளின் படங்களைத் திரையிட்டோம். ஆந்த்ரே கெர்டேஸ் 1928இல் பாரிசில் எடுத்த முள்கரண்டிப் படத்தில் ஒரு தட்டின் விளிம்பு, அதில் சாய்ந்த முள்கரண்டி, அதன் நிழல், இவ்வளவுதான். எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். புனலின் வளைந்த சுவர் வெளிச்சத்தைச் சுற்றிலும் திருப்பிவிட்டது. மறுவாரமே ஒருவர் மண்ணெண்ணெய்ப் புனலில் கத்தரிக்காயை வைத்துக் கொண்டுவந்தார். நன்றாகவே வந்திருந்தது. முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த ஜோசப் சுடெக், ஜெர்மானியர் பிடியில் பிராக் நகரம் இருந்தபோது தன் ஸ்டுடியோ ஜன்னலையே படமெடுத்துக்கொண்டிருந்தார். அவர் படங்களை மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள்.

ஆண்டு இறுதிக் கண்காட்சியில் ஒரு சிக்கல். பிரிண்ட் போட்ட லேபில் எல்லாப் படங்களையும் ‘கரெக்‌ஷன்’ செய்துவிட்டார்கள். நிழல்கள் சாம்பல் பூசியதுபோல் வந்தன. திருத்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதது என் தவறு. மறு பிரிண்டுக்கான செலவு பொருளாளரின் கணக்கில் தனியே காட்டப்பட்டுள்ளது. இடமளித்தவர்களுக்கும் மேசை நாற்காலி தூக்கிய இளைஞர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டிலும் இதே சாமான்களை, இரவில், ஒற்றை அகல் விளக்கில் எடுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. வேடந்தாங்கலுக்கு ஒரு நாள் ஒதுக்கவும் இசைந்திருக்கிறது. இரண்டையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்