பலூன்தான் வேண்டுமா?

ஆசிரியருக்கு,

உணவுக்குழாய்ச் சுருக்கம் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையில், ஒடுங்கிய குழாயை விரிக்க ‘நவீன பலூன் முறை’ என்று இருந்தது. அந்த ‘நவீன’ என்ற சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் சின்னம்மா இரண்டு வருடமாக, எல்லோரும் சாப்பிட்டு எழும்பின பிறகுதான் கோப்பையை எடுப்பார். புட்டைத் தேத்தண்ணியில் நனைத்து ஒரு வாய். நெஞ்சைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு அடுத்த வாய். வயதுக் கோளாறு என்று நாங்களும் விட்டுவிட்டோம். கடைசியில் எண்டோஸ்கோபி செய்து, சிறு துண்டு எடுத்துச் சோதித்து, புற்றுநோய் இல்லை என்றார்கள். இரைப்பை அமிலம் நெடுநாளாக மேலே வந்து, புண் ஆறிய தழும்பு குழாயைச் சுருக்கியிருந்தது.

விரிக்க வேண்டும் என்றதுமே கனடாவிலிருந்து போன். “தடி விடுறது பழைய முறை. பலூன்தான் வேணும், காசு அனுப்புறம்.” அங்கே தெரிந்த ஒருவருக்குப் பலூன் வைத்தார்களாம். விசாரித்தால் அவருக்கு இருந்தது அகலேசியா, உணவுக்குழாயின் கீழ்வாசல் தசை இளகாத நோய். அதற்கு 30 மில்லிமீட்டரில் தொடங்கும் பெரிய பலூன். சின்னம்மாவுடையது வேறு கதை.

தடி என்று பயந்தது பூஜி. முனை கூம்பிய, வளையக்கூடிய குழாய். மெல்லிய கம்பியின் மேலால் வழுக்கி இறங்கி, உரசிக்கொண்டே விரிக்கும். இறுக்கம் வைத்தியரின் கைக்குத் தெரியும். பலூன் சுருக்கத்திலேயே நின்று, தண்ணீர் ஏற்ற ஏற்றப் பக்கவாட்டில் மட்டும் விரியும். கமராவில் பார்த்துக்கொண்டே செய்யலாம். கேட்கப் பலூன்தான் சொகுசு. ஆனால் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், விழுங்குவது சீராவதிலோ குழாய் கிழியும் ஆபத்திலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பூஜியைத் தொற்றுநீக்கித் திரும்பப் பாவிக்கலாம். பலூன் ஒருவருக்கு ஒன்றுதான், செலவும் அதற்கேற்ப.

எதைக் கொண்டு விரித்தாலும் அவசரப்படக் கூடாது. குழாய் 13 மில்லிமீட்டருக்குக் கீழே ஒடுங்கினால் திட உணவு சிக்கத் தொடங்கும். அதற்காக ஒரே நாளில் முழுவதையும் விரிப்பதில்லை. இறுக்கம் தட்டுப்பட்ட பிறகு ஒவ்வொரு மில்லிமீட்டராக மூன்று படி, மிச்சம் அடுத்த முறை. இதுதான் பூஜிக்காரரின் வழக்கம்.

சின்னம்மாவுக்குப் பூஜிதான் செய்தார்கள். புட்டு இறங்கியது. ஆனால் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குளிசையைத் தொடர வேண்டும் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை. சுகம்தானே என்று அவரே நிறுத்திவிட்டார். ஆறு மாதத்தில் திரும்பவும் தேத்தண்ணி, திரும்பவும் நெஞ்சைத் தடவல். அது பூஜியின் பிழையல்ல, பலூன் வைத்திருந்தாலும் அதே கதிதான்.

உங்கள் கட்டுரையில் அந்தக் குளிசையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விரித்த பிறகு நெஞ்சுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதும் இல்லை. அடுத்த இதழில் அவ்விரண்டையும் போட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொக்குவில்.